ஜைனுதீன் பாயின் வலது காது

ஜைனுதீன் பாய்க்கு இடது காது கேட்காது. கீழக்கரையில் சின்னப் பையனாக இருந்தபோது பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பியது. வீக்கம் வடிந்தபோது அந்தப் பக்கத்துக் காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. டெக்ஸஸில், ரவுண்ட் ராக்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "யாமினி, எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா வலது பக்கம் வந்து சொல்லுங்க. இடது பக்கம் லைன் கட்" என்று அறிவித்துவிட்டார்.

இந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது அவர் மனைவி முனவ்வராதான். சாப்பிடக் கூப்பிட வலது பக்கம் வருவாள். திட்டுவதற்கு இடது பக்கம் போவாள். இந்தியன் ஸ்டோரில் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது முனா அவருக்கு இடது பக்கமாக நடக்கிறாள் என்றால், பாய் என்னவோ சொதப்பியிருக்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். "ஒரு வேலைய உருப்படியா செஞ்சிருக்காரா இந்த மனுஷன், கார்ல பெட்ரோல் போடச் சொன்னா அதையும் மறந்துட்டு..." என்று அவள் பாட்டுக்கு முணுமுணுப்பாள். அவர் பாட்டுக்குக் கொத்தமல்லிக் கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன், இது என்ன பழக்கம் என்று. "சொல்லிட்டேன்னு எனக்கும் ஆச்சு, கேட்டோம்னு அவருக்கும் நோவாது. என்ன தப்பு?" என்றாள். என் வீட்டுக்காரர் சாய்ராமுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், அதனால் எங்கள் வீட்டில் சண்டை ஓயாது.

பாய்க்கு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. முனாவுக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு டேகேரில் வேலை. ஆனால் யாராவது பாயிடம் "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "ஆடு வளர்க்கிறேன்" என்பார். டெய்லர் ஊரைத் தாண்டிக் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டு, தகரக் கொட்டகை கட்டி, ஆடு வளர்க்கிறார். பக்ரீத் சமயத்தில் ஆஸ்டின் முழுக்க அவரைத்தான் தேடும். வேலியோரமாக எனக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தார், முருங்கை வைத்திருக்கிறேன். நான் முட்டைகூடத் தொடாதவள். ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நிற்பது அந்த முருங்கைக்காக மட்டும்தான்.

அந்த நிலத்துக்கு ஒரே சனியன், காட்டுப் பன்றி. டெக்ஸஸில் அது இல்லாத இடமில்லை. சாயங்காலம் இருட்டத் தொடங்கினால் கூட்டமாக வந்து, ஜே.சி.பி. விட்ட மாதிரி மண்ணைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். என் முருங்கைக் கன்றைப் பிடுங்கியதைக்கூட நான் மன்னித்திருப்பேன். பிறந்த ஆட்டுக்குட்டியைத் தின்ன ஆரம்பித்தது. அப்புறம்தான் பாய் துப்பாக்கி வாங்கினார். எனக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. இத்தனை வருஷம் டெக்ஸஸில் இருந்தும், இடுப்பில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு கடையில் தக்காளி பொறுக்குகிற ஆளைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் அந்தக் குட்டியின் மிச்சத்தைப் பார்த்த பிறகு பாயைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பன்றியை அவர் சுடுவார், தொட மாட்டார். பக்கத்து நிலத்துக்காரர் ரே வந்து இழுத்துக்கொண்டு போய் சாஸேஜ் போட்டுவிடுவார். இவருக்குப் பன்றி போனது, அவருக்குப் பன்றி வந்தது, இரண்டு பேருக்கும் ஏகச் சந்தோஷம்.

ஒரு தடவை அந்த ரேதான், பாய் ஒவ்வொரு தடவையும் சுட்டுவிட்டுக் காதைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து, "ஜேன், யூ நீட் எ கேன்" என்றார். ஜைனுதீன் என்ற பேர் அவர் வாயில் நுழையாது. பாய் தலையாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் பெரிய பெரிய தண்ணீர் கேன்களாக வாங்கி வந்து கொட்டகையில் அடுக்கிவைத்தார். "ரே சொன்னது சரிதான், ஆட்டுக்குத் தண்ணி ஸ்டாக் இருக்கணும்" என்றார் என்னிடம். ரே வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்புறம் மெதுவாக விளக்கினார். துப்பாக்கி முனையில் மாட்டுகிற சத்தம் குறைக்கும் குழாய்க்கு இங்கே செல்லப் பேர் கேன். கடையில் சப்ரஸர் என்பார்கள். சினிமா பார்க்கிறவர்கள் சைலன்சர் என்பார்கள்.

பாய் வீட்டுக்கு வந்து, மனைவியின் கண்ணைப் பார்த்து, "முனா, நான் ஒரு சைலன்சர் வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"இந்த வயசுல பைக்கா?" என்றாள் முனா.

பைக் இல்லை என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. பைக்கே தேவலை என்றாள். சினிமாவில் அதை மாட்டிக்கொண்டு வருகிறவன் எவனும் நல்லவனாக இருந்ததில்லையே என்றாள். பிஸ்கட்டவேயில் இருக்கிற பாயின் தம்பி ஜுஹைர், அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான், ஃபோனில் அதற்கும் மேலே போனான். "காக்கா, உங்களுக்கு என்ன கிறுக்கா? நியூஜெர்சியில அத வச்சிருந்தாலே கேஸு. நம்ம பேர வச்சுக்கிட்டு சைலன்சருக்கு apply பண்ணப் போறீங்களா? நாளைக்கு ஏர்போர்ட்ல நம்ம ஒவ்வொருத்தரையும் நிறுத்திக் கேப்பான்."

"அது நியூஜெர்சி. இங்க சட்டப்படி வாங்கலாம்டா. நான் சிட்டிசன். ஒளிச்சு வாங்கினாத்தானே பயம்?" என்றார் பாய்.

"சட்டம் புக்குல இருக்கும் காக்கா. பேரு நெத்தியில இருக்கு."

அவன் சொன்னதில் எனக்கும் கோபம் வந்தது, அவன் மேல் இல்லை. இத்தனை வருஷம் வரி கட்டி, ஓட்டுப் போட்டு, ஆடு வளர்த்து, ஒருத்தன் தன் ஒற்றைக் காதைக் காப்பாற்றிக்கொள்ள ஆயிரம் தடவை யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று கோபம். அந்தக் கோபத்தில்தான், "பாய், கடைக்கு நான் வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவருக்கும் ஆள் தேவைப்பட்டது. டெக்ஸஸ்காரர்கள் வாயைத் திறக்காமல் பேசுவதைப் பிடிக்க ஒற்றைக் காது போதாது.

கடை ஜார்ஜ்டவுன் பக்கம். முன்னெல்லாம் இந்தக் குழாய்க்குத் தனியாக ஒரு வரி கட்ட வேண்டும், இந்த வருஷம் ஜனவரியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள் என்று உள்ளே கல்யாணக் கூட்டம். கவுன்ட்டரில் டார்லா என்று ஒரு அம்மா. அவள் சொல்வதைக் கேட்டு, பாயின் வலது காதில் தமிழில் ஓதுவது என் வேலை. முட்டை தொடாத நான் குண்டின் விட்டத்தைப் பற்றி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சாய்ராமுக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பினேன். அவர் இன்னும் அதைச் சிரிப்பதற்காக வைத்திருக்கிறார்.

டார்லா முதலில் சொன்னது, சினிமாவை மறந்துவிடு என்பதுதான். மாட்டினால் 'புஸ்' என்று சத்தம் வராது. சத்தம் இருக்கும், காதைக் கிழிக்காது, அவ்வளவுதான். அப்போதும் காதுக்கு மூடி போட்டுக்கொள்ள வேண்டும். பாய் திருப்தியாகத் தலையாட்டினார். பொய் சொல்லாத கடைக்காரியை அவருக்குப் பிடித்துவிட்டது.

அப்புறம் பாய் தன் காது கதையைச் சொன்னார். டார்லா உடனே, உன் துப்பாக்கி எந்த மாதிரி என்று கேட்டாள். தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்கிற ரகமாக இருந்தால் காலித் தோட்டா தெறிக்கிற ஓட்டை வலது பக்கம் இருக்கும், முனையில் என்ன மாட்டினாலும் கொஞ்சம் சத்தம் அந்த ஓட்டை வழியாக வலது காதுக்கே வந்து சேரும் என்றாள். நான் இதைச் சொன்னதும் பாய் கையைத் தன் வலது காதில் வைத்துப் பொத்திக்கொண்டார், கடைக்குள்ளேயே. நல்ல வேளை, அவருடையது ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துப் பூட்டுகிற ரகம். அதில் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் குழாயைத் திருகி மாட்ட முனையில் மரை இல்லை. துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் கடைக்காரர்களே மரை வெட்டித் தருவார்கள்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று இரும்பு, குட்டை, கனம். இன்னொன்று டைட்டானியம், வெள்ளரிக்காய் நீளம், கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லை. குட்டையானது அடிபட்டாலும் தாங்கும், எங்கேயும் இடிக்காது. நீளமானது இன்னும் கொஞ்சம் சத்தத்தை விழுங்கும், ஆனால் கொட்டகைக்குள் திரும்பும்போது கதவில் இடிக்கும். "கதவ நான் பெருசு பண்ணிக்கிறேன்" என்றார் பாய். நீளத்தையே எடுத்தார்.

கடைசியில்தான் சிக்கல். இது அமெரிக்க அரசாங்கத்தில் பதிவாக வேண்டிய சாமான். கைரேகை, ஃபோட்டோ எல்லாம் கொடுக்க வேண்டும், உள்ளூர் ஷெரிஃபுக்கும் ஒரு காப்பி போகும். பாய் பேரில் மட்டும் பதிந்தால், அவர் இல்லாத நேரத்தில் முனா அதைக் கையில் வைத்திருக்கக் கூடாது. அதை வைத்துப் பூட்டுகிற பெட்டியின் நம்பர்கூட அவளுக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது. அப்படி வேண்டாமென்றால் டிரஸ்ட் ஒன்று எழுதி, அதில் இரண்டு பேரும் சேரலாம். ஆனால் அவளும் கைரேகை கொடுக்க வேண்டும்.

பாய் யோசிக்கவே இல்லை. "வீட்டுல அவளுக்குத் தெரியாம ஒரு பூட்டு வேணாம். டிரஸ்ட்டே போடுங்க" என்றார். டிரஸ்ட்டுக்குப் பேர் வேண்டும் என்றாள் டார்லா. "ரைட் இயர் டிரஸ்ட்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

முனா சிரிக்கவில்லை. "டிரஸ்ட்டுன்னா பள்ளிவாசலுக்கு வைப்பாங்க. இதுக்கெல்லாமா வைப்பாங்க? என் ஃபோட்டோ, துப்பட்டாவோட, ஷெரிஃப் ஆபீசுக்குப் போகணுமா? நான் டேகேர்ல வேலை பாக்கிறவ. பிள்ளைங்களப் பெத்தவங்க கேட்டா என்ன சொல்லுவேன்? ரேகைக்குக் கை வைக்க மாட்டேன்" என்றாள். இதை அவள் வலது பக்கம் நின்று சொன்னாள். அதனால் அது முடிவு என்று பாய்க்குப் புரிந்துவிட்டது. அவரும் வற்புறுத்துகிற ஆள் இல்லை. கடையில் அந்த வெள்ளரிக்காய் அப்படியே கிடந்தது.

வசந்தம் வந்தது. ஆடுகள் குட்டி போட்டன. ஒருநாள் சாயங்காலம் நான் முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். முனா வண்டியிலிருந்து வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தாள். பாய் துப்பாக்கியோடு கொட்டகைக்குள் இருந்தார். காது மூடி கழுத்தில் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டால் அவருக்கு உலகமே கேட்காது, குட்டி கத்துகிறதா என்றுகூடத் தெரியாது. அதனால் கடைசி நிமிஷம் வரைக்கும் கழுத்தில்தான் கிடக்கும். அன்றைக்குக் கடைசி நிமிஷம் என்று ஒன்று கிடைக்கவில்லை. பின்பக்க வேலியை முட்டிக்கொண்டு ஒரு பன்றி நேரே குட்டிகள் பக்கம் வந்தது. பாய் அந்தத் தகரக் கூரைக்கு அடியிலிருந்தே சுட்டார்.

அவ்வளவு தூரத்தில் நின்ற எனக்கே பல் கூசியது. பன்றி விழுந்தது. குட்டிகள் பிழைத்தன. முனா ஓடிப் போய் வலது பக்கம் நின்று, "ஏங்க" என்றாள். அவர் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க! உங்களத்தாங்க!" என்று கத்தினாள். திரும்பவில்லை. தோளைப் பிடித்து இழுத்ததும்தான் திரும்பினார். அவள் வாயை உற்றுப் பார்த்தார்.

"கேக்கலை முனா. உள்ள விசில் அடிக்குது" என்றார்.

அவர் தன் குரலே தனக்குக் கேட்காமல் கத்தித்தான் சொன்னார். முனா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டியை நான்தான் ஓட்டினேன்.

டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அந்த நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே டைனிங் டேபிளில் எதிரெதிரே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டார்கள். 'ரசம் போடவா' என்று அவள் அனுப்புவாள். அவர் கட்டைவிரல் படம் அனுப்புவார். காலேஜில் படிக்கிற மகள் ஃபைஹா வீடியோ காலில் வந்து, "வாப்பா, கேன் யூ ஹியர் மீ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிக்கொண்டே இருந்தார். கேட்காமலேதான் ஆட்டினார்.

முனா எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். "எந்தப் பக்கம் போய் நிக்கிறதுன்னே தெரியலை யாமினி. வீட்டுல எங்க நின்னாலும் இடது பக்கமாவே இருக்கு" என்றாள்.

நான் காபி கலக்கிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் காது திரும்பி வந்தது, விசில் மட்டும் முழுசாகப் போகவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆட்டை விற்றுவிடலாமா என்று முனா கேட்டாள். விற்றுவிடலாம் என்று பாய் உடனே ஒத்துக்கொண்டார். உடனே ஒத்துக்கொண்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு என் எதிரிலேயே கீழக்கரைக்கு ஃபோன் போட்டாள். அவள் தம்பி நெய்னா அங்கே டூ வீலர் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். எந்த விஷயமானாலும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்கு ஓடாது.

"டேய் நெய்னா, மச்சான் ஒரு சைலன்சர் வாங்கணும்ங்கிறாரு. இங்க கவர்மெண்டுல எழுதிக் குடுத்துத்தான் வாங்கணுமாம். பின்னால ஏதும் பிரச்சனை வருமாடா?"

"சைலன்சருக்கா? என்ன லாத்தா நீ? சைலன்சர் மாட்டினவன எவன் கேக்கப் போறான்? அதக் கழட்டிப் போட்டுட்டு டமடமன்னு சத்தம் போட்டாத்தான் கேஸு. மாட்டினா அக்கம்பக்கத்துக்கும் நல்லது, மச்சான் காதுக்கும் நல்லது. தாராளமா மாட்டச் சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். முனா கையைக் காட்டி என்னை அடக்கினாள். ஃபோனை வைத்துவிட்டு, "அவன் பைக்கத்தான் சொல்றான்னு எனக்குத் தெரியாதா? ஆனா சொன்னதுல ஒரு வார்த்தை தப்பா, நீயே சொல்லு" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை தப்பில்லை.

மறுநாளே மூன்று பேரும் கடைக்குப் போனோம். முனா துப்பட்டாவைச் சரிபண்ணிக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றாள். ரேகை எடுக்கிற மெஷின் அவள் கட்டைவிரலை ஏற்கமாட்டேன் என்றது. டேகேரில் நாளெல்லாம் கை கழுவிக் கழுவி ரேகையே தேய்ந்துபோயிருந்தது. டார்லா உள்ளே போய் லோஷன் எடுத்துவந்து, "கிவ் மீ யுவர் ஹேண்ட், ஹனி" என்று அவள் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாள். முனா திரும்பவும் விரலை வைத்தாள். மெஷின் ஒத்துக்கொண்டது. "மதினியுமா?" என்று ஜுஹைர் நியூஜெர்சியில் தலையில் அடித்துக்கொண்டானாம். அடித்துக்கொள்ளட்டும் என்றாள் முனா.

காசு கட்டி வாங்கியாயிற்று. ஆனால் அனுமதி வரும்வரை சாமான் கடையில்தான் இருக்க வேண்டும். பாய் சனிக்கிழமை தவறாமல் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். "நிக்காஹுக்கு முன்னாடி என்னையக்கூட இப்படிப் பாக்க வரலை" என்று முனா பொருமினாள், இடது பக்கம் நின்று.

இதற்கு நடுவில் நெய்னா ஒரு காரியம் செய்தான். மச்சான் அமெரிக்காவில் சைலன்சர் கிடைக்காமல் கவர்மெண்டிடம் கெஞ்சுகிறார் என்று மனசு கேட்காமல், புத்தம் புதுசாக ஒரு புல்லட் பைக் சைலன்சரை வாங்கி, சென்னையிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மாமியார் பர்வதத்திடம் கொடுத்துவிட்டான். ஒத்தாசை என்று யார் கேட்டாலும் மாமியார் மறுக்க மாட்டார். அப்பளத்துக்கும் வடாமுக்கும் நடுவில் அதைப் புடவை சுற்றி வைத்துக்கொண்டு டல்லாஸில் வந்து இறங்கினார். கஸ்டம்ஸில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

இது என்ன என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். மாமியாருக்கு இங்கிலீஷ் பேச வாய்ப்புக் கிடைத்தால் விட மாட்டார். "சைலன்சர்" என்றிருக்கிறார்.

ஆபீசர் இன்னொருவரைக் கூப்பிட்டிருக்கிறார். யாருக்கு என்று அவர் கேட்க, "ஃபார் பாய். நெக்ஸ்ட் ஹவுஸ் பாய். வெரி குட் பாய்" என்றாராம்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு சைலன்சர் கொண்டுவந்த கிழவியைச் சுற்றிச் சின்னக் கூட்டமே கூடிவிட்டது. கடைசியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் வந்து, புடவையை அவிழ்த்துப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்து, "இட்ஸ் எ மஃப்ளர்!" என்றார். பைக் சைலன்சருக்கு இங்கே அதுதான் பேர். அதுவும் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "நோ, நோ. மஃப்ளர் திஸ் ஒன்" என்று பிளேன் குளிருக்காகத் தன் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளியைத் தொட்டுக் காட்டித் திருத்தியிருக்கிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டே வழியனுப்பினார்களாம். "ரொம்ப மரியாதையான பிள்ளைகள்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். எனக்குத்தான் மயக்கம் வராத குறை. பாய் அந்த சைலன்சரைக் கையில் வாங்கி, அன்றைக்குத்தான் பழையபடி வாய்விட்டுச் சிரித்தார். கொட்டகைத் தூணில் அதைத் தொங்கவிட்டு, தீனி போடும்போது ஒரு கம்பியால் தட்டுவார். ஆடுகள் ஓடிவரும்.

அனுமதி வந்துவிட்டது என்று டார்லா ஃபோன் செய்தபோது பாய் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாராம். லேப்டாப்பை அப்படியே மூடிவிட்டாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்கு வா என்று முனா என்னைக் கூப்பிட்டாள். நான் எதற்கு என்றேன். "கூட இரு" என்றாள், குரல் ஒரு மாதிரி இருந்தது. போனேன்.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. கொட்டகையை விட்டுத் தள்ளி, வெட்ட வெளியில், மண் மேட்டின் மேல் ஒரு அட்டைப் பெட்டியை வைத்தார் பாய். மரை வெட்டின முனையில் அந்த நீளக் குழாயைப் பொறுமையாகத் திருகினார். நாங்கள் மூன்று பேரும் காது மூடியை அழுத்திப் போட்டுக்கொண்டோம். பாய் தன் மூடியை இரண்டு தடவை சரிபார்த்தார். முனா அதை மூன்றாவது தடவை தானே அழுத்திவிட்டாள். இத்தனை செய்தும் அந்த விசில் மறுபடி ஏறிவிட்டால், ஆடும் போச்சு, காதும் போச்சு, இவள் மறுபடி வாட்ஸ்அப்பில்தான் ரசம் வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

சுட்டார். கனமான புத்தகத்தைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு என்ன வந்தது என்று மறுபடி மேய ஆரம்பித்தன.

பாய் துப்பாக்கியைத் திறந்து காலி செய்து கீழே வைத்தார். மூடியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். தன் காதுக்குள்ளே கேட்டுப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் மூடியைக் கழற்றினேன்.

முனா அவருக்கு இடது பக்கமாகப் போனாள். ஐயோ, இப்போதுமா திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, எப்போதும் முணுமுணுக்கிற அதே குரலில், "இந்த ஒரு காதும் போயிருந்தா நான் செத்திருப்பேங்க. உங்ககிட்ட பேசாம எனக்கு ஒரு நாள் இருக்க முடியாது" என்றாள்.

பாய் கண்ணைத் திறந்தார். அவள் வாய் அசைந்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. என் பக்கம் திரும்பி, "என்ன யாமினி சொல்றா? திட்டுறாளா?" என்றார்.

வாய் நீளம் என்று ஊரில் பேர் வாங்கியவள் நான். அன்றைக்கு முனா பக்கம் கையை மட்டும் காட்டினேன்.

முனா என்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக அவருக்கு முன்னால் சுற்றிக்கொண்டு நடந்து, வலது பக்கம் வந்து நின்றாள். குதிகாலைத் தூக்கி எம்பி, அவர் காதோடு வாயை வைத்து, அதே வார்த்தைகளை அப்படியே திரும்பவும் சொன்னாள்.

"கேட்டுது முனா" என்றார் பாய்.